எவ்வளவு காலமாக?

மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தந்தையைச் சந்திக்கிறோம். பேச்சிழந்து, வாயில் நுரைதள்ளி, தரையில் விழுந்து புரளும் தன் மகனை அவர் சீடர்களிடம் கொண்டுவந்திருக்கிறார். சீடர்களால் ஒன்றும் செய்ய இயலவில்லை. மறைநூல் அறிஞர்கள் வாதாடுகின்றனர். கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. இயேசு வருகிறார். சிறுவன் அவர் கண்முன்னே கீழே விழுகிறான். அவர் உடனே கட்டளையிட்டுவிடவில்லை. முதலில் தந்தையிடம் ஒரு கேள்வி கேட்கிறார். இவனுக்கு இப்படி நேரத் தொடங்கி எவ்வளவு காலமாயிற்று என்பதே அக்கேள்வி. குழந்தைப் பருவத்திலிருந்தே என்று தந்தை விடையிறுக்கிறார்.

இப்பகுதிக்குப் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். நம்பிக்கையைப் பற்றியும் செபத்தைப் பற்றியும் பேசியிருக்கிறேன். அந்தக் கேள்வியைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை. பேசாததற்கு ஒரு காரணம் உண்டு. கேட்க வேண்டிய இடத்தில் நான் அதைக் கேட்கவில்லை.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், உதவிப் பங்குத்தந்தையாக நான் பணியாற்றிய இடத்தில், மறைக்கல்வி வகுப்புக்குப் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி வருவாள். சில ஞாயிறுகளில் எல்லாருக்கும் முன்பாகக் கையுயர்த்தி விடை சொல்வாள். சில ஞாயிறுகளில் கண் திறந்திருக்கும், அழைத்தால் கேட்காது, சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் பக்கத்தில் இருந்த பிள்ளையின் புத்தகத்தைக் கிழித்துவிட்டாள். வகுப்பே அதைப் பார்த்தது. அவளோ, "நான் கிழிக்கல ஃபாதர்" என்று சாதித்தாள். பொய்ச்சான்று சொல்வது எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவம் என்று கூறி, வகுப்பு முடியும்வரை அவளை முழந்தாளில் நிற்க வைத்தேன். அவள் அழவில்லை. அதைப் பிடிவாதம் என்று எண்ணிக்கொண்டேன். சில மாதங்களில் அக்குடும்பம் ஊரைவிட்டுப் போயிற்று. அந்த வீட்டுக்குள் அவள் ஆண்டுக்கணக்கில் என்ன பட்டாள் என்பது வெகு காலம் கழித்தே, உறவினர் ஒருவர் வழியாக, எனக்குத் தெரியவந்தது.

அவளுக்கு இருந்தது இன்ன நோய் என்று தீர்ப்பிட எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவள் பொய் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்பதை இன்று அறிகிறேன். கிழித்தது நினைவில் இல்லாத பிள்ளை வேறு எப்படி விடை சொல்லும்? இந்த அறிவு மருத்துவ உலகுக்கு வந்த வரலாற்றைத்தான் இங்கு எழுத முற்படுகிறேன்.

உள்ளே ஓர் ஒளிவிடம்

செபமாலை சொல்லும்போது மூன்றாம் பத்து எப்போது முடிந்தது என்றே தெரியாமல் நான்காம் பத்தில் நிற்பது நம் எல்லாருக்கும் நேர்வது. உதடு ஓரிடத்திலும் உள்ளம் வேறிடத்திலும் இருக்கின்றன. உள்ளத்தின் இந்த இயல்பான ஆற்றலே, தாங்கொணாத் துன்பத்தின் முன் மிகப் பெரிதாகிவிடும்போது, மருத்துவர் அதனை 'டிஸ்ஸோசியேஷன்' என்கின்றனர். தமிழில் உள விலகல் எனலாம். நினைவு, உணர்வு, உடல் உணர்ச்சி, நான் என்னும் எண்ணம் ஆகியன ஒன்றோடொன்று இணைந்து நடவாமல் தனித்தனியே விலகி நிற்கும் நிலை அது. மனச்சிதைவு நோயும் இதுவும் வெவ்வேறு.

ஆபத்து வரும்போது எதிர்த்து நிற்கலாம், அல்லது ஓடலாம். சிறு குழந்தையால் இரண்டும் இயலாது. அதிலும், அடிக்கும் கையே சோறூட்டும் கையாகவும் இருந்தால் குழந்தை எங்கே ஓடும்? அது உள்ளே ஓடுகிறது. இது எனக்கு நேரவில்லை, வேறொரு பிள்ளைக்கு நேர்கிறது என்று தன்னையறியாமலே ஏற்பாடு செய்துகொள்கிறது. அந்த ஏற்பாடு அன்று அதன் உயிரைக் காக்கிறது. ஆபத்து நீங்கிய பின்னும் அது கலையாமல் நிற்பதே நோயாகிறது. கொடிய அனுபவம் உள்ளத்தில் விட்டுச்செல்லும் காயத்துக்கு 'மனவடு' என்னும் பொருத்தமான சொல்லை ஈழத்து உளமருத்துவர்கள் வழங்கினர். போரின் நடுவே யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1990களில் அப்பெயராலேயே தமிழில் நூல் எழுதினார். அச்சொல்லையே இங்கும் ஆள்கிறேன்.

மோன்ஸ் நகரின் துறவி

இவ்வரலாற்றின் முதற்பக்கம் ஒரு கன்னியர் மடத்தில் எழுதப்பட்டது என்பது நமக்கு வியப்பளிக்கலாம். இன்று பெல்ஜியத்தில் உள்ள மோன்ஸ் நகரில், 1584ஆம் ஆண்டு, ழான் ஃபேரி என்னும் இருபத்தைந்து வயதுத் துறவிக்குப் பேய் பிடித்திருப்பதாகக் கருதி, கம்பிரே பேராயர் லூயி தெ பெர்லைமோனின் ஆணைப்படி பேயோட்டும் சடங்கு தொடங்கியது. 1585 வரை அது நீடித்தது. பேயோட்டிய குருக்கள் நடந்தவற்றை விரிவாக எழுதிவைத்தனர். ழானும் தன் கைப்பட எழுதினாள். அது 1586இல் அச்சேறியது.

அவள் எழுதியதைப் படிப்பவர் அதிர்ச்சியடைவர். தனக்கு நான்கு வயதாயிருக்கையில் ஓர் அழகிய இளைஞன் வடிவில் பேய் வந்ததாகவும், ஆப்பிளும் வெள்ளை ரொட்டியும் கொடுத்துத் தன்னைத் தந்தையாக ஏற்கச் சொன்னதாகவும் அவள் கூறுகிறாள். அவளோடு இன்னொன்றும் இருந்ததாம். அவளை அடிக்கும்போது வலி தெரியாதவாறு பார்த்துக்கொள்வதே அதன் வேலை. அடிபடும் நான்கு வயதுக் குழந்தை அன்பான ஒரு தந்தையையும், வலியை விழுங்கும் ஒரு துணையையும் தனக்குள்ளே உண்டாக்கிக்கொண்டது என்று இன்றைய மருத்துவர் இதனைப் படிக்கின்றனர்.

அவள் குணமடைந்த விதம் அதைவிட வியப்பானது. சடங்குகளின் நடுவே அவள் சிறு குழந்தையைப் போலாகிவிட்டாள். பேச்சையும் செபத்தையும் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று. அவளுக்குள் ஒலித்த குரல்களில் புனித மகதலா மரியாவின் குரலும் இருந்தது. பேராயரே அவளுக்குத் தந்தையின் இடத்தில் நிற்கவேண்டும் என்று அக்குரல் கேட்டது. அவரும் அவ்வாறே நின்றார். பேய்களை விரட்டிய மந்திரச் சொற்களைவிட, அடிக்காத ஒரு தந்தை கிடைத்ததே அவளைத் தேற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது. பேராயர் உளமருத்துவம் அறியாதவர். கேட்ட குரலைப் பழிக்காமல், அது கேட்டதைக் கொடுத்தார்.

முந்நூறு ஆண்டுகள் அந்த ஏடு உறங்கியது. 1886இல் பூர்ன்வீல் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அதனை மறுபதிப்புச் செய்து, இது ஆளுமை இரட்டிப்பாதல் என்னும் நோய் என்றார். 1996இல் ஓன்னோ வான் தெர் ஹார்ட்டும் உடன் ஆய்வாளர்களும் அதனை மீண்டும் ஆராய்ந்து, உள விலகல் நோயை உறுதியாக அடையாளம் காணக்கூடிய மிகப் பழைய சான்று இதுவாக இருக்கலாம் என்று எழுதினர்.

கூடையில் வந்த சிறுமி

ழான் ஃபேரி வளர்ந்த பெண். நோயைக் குழந்தைப் பருவத்திலேயே கண்டு குணப்படுத்திய பழைய சான்று ஒன்றும் உண்டு. 1836ஆம் ஆண்டு, சவோய் நாட்டின் வெந்நீரூற்று நகரமான ஏக்ஸுக்கு, சுவிட்சர்லாந்திலிருந்து எஸ்தெல் என்னும் பதினொரு வயதுச் சிறுமியைத் தாயும் பெரியம்மாவும் இறகு மெத்தையிட்ட கூடையில் வைத்துக் கொண்டுவந்தனர். நடக்க இயலாது, தொட்டால் வலி, தாயைவிட்டுப் பிரியமாட்டாள். தந்தையை ஏற்கெனவே வாந்திபேதிக் கொள்ளைநோயில் இழந்தவள்.

அவளை ஏற்றவர் அந்துவான் தெஸ்பின், ஏறத்தாழ அறுபது வயது மருத்துவர். எஸ்தெல் வானதூதர்களைக் காண்பதாகக் கூறுவாள். அவர்களுள் ஆஞ்செலின் என்பவள் முதன்மையானவள். அக்காலத்து முறைப்படி சிறுமியை அறிதுயிலில் ஆழ்த்திய மருத்துவர், அந்த ஆஞ்செலினோடு உரையாடத் தொடங்கினார். எஸ்தெலுக்கு எந்த உணவு தரலாம், எதனைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஆஞ்செலின் சொல்ல, மருத்துவர் கேட்டுக்கொண்டார். விரைவில் சிறுமிக்கு இரு வாழ்வு என்பது புலனாயிற்று. ஒன்றில் படுத்த படுக்கை. மற்றொன்றில் எழுந்து நடப்பாள். பனியில் ஓடி விளையாடுவாள். முன்பு ஒத்துக்கொள்ளாத உணவை உண்பாள். மாதங்கள் செல்லச்செல்ல இரு வாழ்வும் ஒன்றையொன்று நெருங்கின. 1837இல் அவள் நடந்தே ஊர் திரும்பினாள். தெஸ்பின் அதனைத் தம் நூலில் வெளியிட்டார்.

இன்று எந்த மருத்துவரும் குழந்தையை அவ்வாறு அறிதுயிலில் ஆழ்த்தி ஆராயமாட்டார். எனினும் தெஸ்பின் செய்த ஒன்று இன்றும் பாடமாக உள்ளது. நோயுற்ற எஸ்தெலையும் ஓடியாடும் எஸ்தெலையும் அவர் ஒரே குழந்தையாகவே நடத்தினார். இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ளவில்லை.

பியேர் ழானே

இச்சிதறிய அனுபவங்களை ஓர் அறிவியலாக்கியவர் பியேர் ழானே (1859-1947). பிரான்சின் ல ஆவர் துறைமுக நகரில் மெய்யியல் ஆசிரியராக இருந்தவர், அவ்வூர் மருத்துவமனையில் நோயாளரை நாள்தோறும் கவனித்து எழுதினார். மாரி என்னும் இளம்பெண்ணுக்கு இடக்கண் தெரியாது. பிறவிக் குருடு என்று அவளே நம்பியிருந்தாள். ழானே பொறுமையாக அவள் வாழ்வைப் பின்னோக்கித் தேடினார். ஆறு வயதில், முகத்தின் இடப்பக்கம் முழுதும் புண் வந்த ஒரு பிள்ளையோடு, அவள் அழுது மறுத்தும் கேளாமல் ஒரே படுக்கையில் உறங்க வைத்திருக்கின்றனர். அன்றிலிருந்து அவளுடைய இடக்கண் பார்க்க மறுத்துவிட்டது. அந்த நினைவின் அச்சம் தணிக்கப்பட்டதும் பார்வை திரும்பியது. 1889இல் வெளியான 'உளத் தன்னியக்கம்' பற்றிய தம் நூலில் ழானே இதனை விளக்கினார். செரிக்கப்படாத அனுபவம் நனவினின்று விலகி, தனியே உயிர்வாழ்ந்து, உடலை ஆட்டுவிக்கிறது என்பது அவர் கண்ட உண்மை.

பாரிசின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில், 1890ஆம் ஆண்டு வாக்கில், அஷீல் என்று அவர் பெயரிட்டு எழுதிய முப்பத்து மூன்று வயது மனிதர் கொண்டுவரப்பட்டார். பேய் பிடித்ததாகக் கதறினார். இறைவனைப் பழித்தார். ழானே அவருடைய கையில் ஓர் எழுதுகோலைத் தந்து, பின்னால் நின்று மெல்லக் கேட்டார். கை எழுதியது: தான் பேய் என்று. அந்தப் பேயோடு சண்டையிடாமல் பேசிப்பேசி, உள்ளே இருந்ததைக் கண்டார் மருத்துவர். வெளியூர்ப் பயணத்தில் மனைவிக்குச் செய்த துரோகமும், சொல்ல இயலாத குற்றவுணர்வுமே உள்ளே இருந்தன. மனைவி மன்னிக்கும் காட்சியை அவர் உள்ளத்தில் எழச்செய்த பிறகே அவர் தெளிந்தார். குருவாகிய எனக்கு இது ஒப்புரவு அருள்சாதனத்தை நினைவூட்டாமல் போகாது.

கேட்டவர்கள் வாய் மூடிய காலம்

இத்தனையும் 1900க்கு முன்பே தெரிந்துவிட்டது. பிறகு ஏன் நம் காலம்வரை எந்தப் பங்குத்தந்தையும் ஆசிரியரும் பெற்றோரும் இதை அறியவில்லை? இதற்கு விடை கசப்பானது. குழந்தையின் நோய் எதைச் சுட்டுகிறது என்று தொடர்ந்து கேட்டால், அது பெரியவர்களைச் சுட்டும்.

1896இல் வியன்னாவின் உளமருத்துவ, நரம்பியல் சங்கத்தின் முன் சிக்மண்ட் ஃபிராய்டு, தம் நோயாளர் அனைவரின் துன்பத்துக்கும் வேர் சிறுவயதில் இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையே என்றார். அவையோர் அதனை ஏற்கவில்லை. மறு ஆண்டே அவர் தம் கருத்தைக் கைவிட்டார். குழந்தைகள் கற்பனையில் விரும்பியவையாக அவை இருக்கலாம் என்னும் பக்கம் அவர் கோட்பாடு சாய்ந்தது. எல்லா நோய்க்கும் அதுவே காரணம் என்று அவர் கூறியது மிகையே. ஆயினும் அந்த மிகையோடு சேர்த்து, உண்மையாகவே கொடுமைக்கு ஆளான பிள்ளைகளின் சாட்சியமும் கற்பனைப் பெட்டியில் போடப்பட்டது. 1932இல் அவருடைய நெருங்கிய சீடர் சாண்டோர் ஃபெரென்சி, வீஸ்பாடன் மாநாட்டில், குழந்தைகள் சொல்வது உண்மை என்று மீண்டும் எடுத்துரைத்தார். அச்சத்தின் உச்சத்தில் குழந்தை கொடியவனின் விருப்பத்தையே தன் விருப்பமாக்கிக்கொள்கிறது, அதன் உள்ளம் பிளவுறுகிறது என்றார். தோழர்கள் முகம் சுளித்தனர். அடுத்த ஆண்டு அவர் இறந்தார். அவ்வுரை ஆங்கிலத்தில் வெளிவர 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ழானேயின் நூல்களும் தூசி படிந்தன.

கதவை மீண்டும் தட்டியது ஒரு கருவி. 1946இல் அமெரிக்க ஊடுகதிர் மருத்துவர் ஜான் கஃபி, மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்த ஆறு கைக்குழந்தைகளின் கைகால் எலும்புகளில் விளக்கமற்ற முறிவுகளைக் கண்டு எழுதினார். 1962இல் ஹென்றி கெம்பியும் அவர் குழுவினரும், இவை பெற்றோரும் காப்போரும் அடித்த அடிகள் என்று வெளிப்படையாக எழுதி, 'அடிபட்ட குழந்தை' என்னும் பெயரையே மருத்துவத்துக்குத் தந்தனர். குழந்தை சொன்னபோது நம்பாத உலகம் எலும்பு சொன்னபோது நம்பியது.

1970இல் ஹென்றி எல்லன்பெர்கர் எழுதிய பெருநூல் ழானேயையும் எஸ்தெலையும் மறதியிலிருந்து மீட்டது. 1976 ஜூலையில் கலிஃபோர்னியாவின் சௌசில்லா ஊரில் 26 பள்ளிப் பிள்ளைகள் பேருந்தோடு கடத்தப்பட்டு, மண்ணுக்கடியில் புதைத்த வண்டிக்குள் பதினாறு மணி நேரம் அடைபட்டு மீண்டனர். அவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கண்ட மருத்துவர் லெனோர் டெர், ஒருமுறை தாக்கும் பேரிடருக்கும் மீண்டும் மீண்டும் நேரும் கொடுமைக்கும் வேறுபாடு உண்டு என்று 1991இல் எழுதினார். சௌசில்லாப் பிள்ளைகள் அன்று நடந்ததை நுணுக்கமாக நினைவு வைத்திருந்தனர். தொடர்கொடுமைக்கு உள்ளாகும் பிள்ளைகளிடமே மரத்துப்போதலும் விலகலும் மறதியும் மிகுதி.

1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு மனவடு நோய்க்கும் பல ஆளுமை நோய்க்கும் தனித்தனி இடம் தந்தது. பின்னதன் பெயர் 1994இல் விலகல் அடையாளக் கோளாறு என்று மாறியது. 1986இல் ஃபிராங்க் பட்னமும் குழுவினரும் நூறு நோயாளரைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இரண்டு செய்திகளைத் தந்தது. நூற்றில் 97 பேர் குழந்தைப் பருவக் கொடுமையைக் கூறினர். சரியான நோயறிதல் கிடைக்க அவர்களுக்குச் சராசரி 6.8 ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தனை ஆண்டுகளும் வேறு ஏதோ நோய்க்கு மருத்துவம் பெற்றுக்கொண்டிருந்தனர்.

கண்டறியும் முறை

வளர்ந்தோரிடம் இத்தனை காலம் கழித்துக் காண்பதைக் குழந்தைகளிடமே கண்டுவிட்டால் என்ன? இந்தக் கேள்வியோடு 1984 முதல் குழந்தை நோயாளரைப் பற்றிய கட்டுரைகள் வரத் தொடங்கின. பட்னம் உருவாக்கிய 'குழந்தை விலகல் சரிபார்ப்புப் பட்டியல்' 1993இல் வெளியானது. குழந்தையை நன்கு அறிந்த பெரியவர் இருபது வரிகளுக்கு விடையளிக்க வேண்டும். 12 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பெண் வந்தால் மேலும் ஆராய வேண்டும் என்பது பொருள். பதின்வயதினர் தாமே நிரப்பும் முப்பது கேள்விகள் கொண்ட அளவுகோல் 1997இல் வந்தது. இவை எச்சரிக்கை மணிகளே. இவற்றைக் கொண்டு மட்டும் நோய் என்று முடிவு செய்வதில்லை.

எவற்றைக் கவனிக்கின்றனர்? விழித்திருந்தும் வெறித்த பார்வை. சற்றுமுன் செய்ததை உண்மையாகவே மறத்தல். நேற்றுத் தெரிந்த கணக்கு இன்று தெரியாமை. பத்து வயதுப் பிள்ளை திடீரென மூன்று வயதுக் குழந்தைபோலப் பேசுதல். காயம்பட்டும் வலியறியாமை. தன்னைத் தீங்கு செய்யத் தூண்டும் குரல்கள் தலைக்குள் கேட்டல். பெரும்பாலும் இப்பிள்ளைகள் சோம்பேறி, பொய்யன், அடங்காப்பிடாரி என்ற பெயர்களையே முதலில் பெறுகின்றனர்.

ஆனால் எச்சரிக்கை தேவை. வெறித்த பார்வை வலிப்பு நோயாலும் வரலாம். எனவே மூளை மின்னலைப் பதிவு தேவைப்படும். கவனக்குறைவு நோயும், மனச்சிதைவின் தொடக்கமும் விலக்கிப் பார்க்கப்பட வேண்டும். கற்பனைத் தோழனோடு விளையாடுவது குழந்தைக்கு இயல்பு. அத்தோழன் தன் சொல்லை மீறி ஆட்டிப்படைப்பதாகக் குழந்தையே அஞ்சும்போதுதான் கவலை கொள்ள வேண்டும்.

மேலும் ஒன்று. கேளாமை ஒரு குற்றம் எனில், வாயில் சொல்லைத் திணித்துக் கேட்பதும் குற்றமே. கலிஃபோர்னியாவில் ஒரு மழலையர் பள்ளியின்மேல் 1983இல் எழுந்த குற்றச்சாட்டு ஏழாண்டு வழக்காகி, 1990இல் ஒருவருக்கும் தண்டனையின்றி முடிந்தது. விசாரித்தவர்கள் விடையை உள்ளடக்கிய கேள்விகளையே குழந்தைகளிடம் மீண்டும் மீண்டும் கேட்டிருந்தனர். அதே பத்தாண்டில், அறிதுயிலில் 'மீட்கப்பட்ட' நினைவுகளால் குடும்பங்கள் சிதைந்ததும் உண்டு. மருத்துவரே நோயை வளர்த்துவிடுகின்றனர் என்று சில அறிஞர் இன்றும் ஐயுறுகின்றனர். அவ்வையத்தைப் பகையாகக் கருதாமல் ஒரு காவலாகக் கொள்வது நல்லது.

கொடும் அடி மட்டுமே காரணமன்று என்பதையும் அறிந்தோம். அமெரிக்காவின் மினசோட்டாவில், வறுமையில் பிறந்த 168 பேரைப் பிறப்பு முதல் பத்தொன்பது வயது வரை தொடர்ந்த ஆய்வு 1997இல் வெளியானது. உடலால் அருகிருந்தும் உள்ளத்தால் எட்டாத தாயிடம் வளர்ந்ததும், பராமரிப்பவரையே அணுகவும் முடியாமல் அகலவும் முடியாமல் தவித்த கைக்குழந்தைப் பருவமும், பிற்கால விலகலோடு வலுவான தொடர்புடையனவாக இருந்தன. அஞ்சிய குழந்தையை யாரேனும் வாரி எடுத்துக்கொண்டால் அச்சம் செரித்துவிடுகிறது. எவரும் எடுக்காதபோதுதான் அது உறைகிறது.

குணப்படுத்தும் வழி

2004இல் உள விலகல் ஆய்வுக்கான பன்னாட்டுக் கழகம் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் உரிய மருத்துவ வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. ஜொயான்னா சில்பர்க் போன்றோர் தம் நூல்களில் இதனை வளர்த்தனர். அடிப்படை ழானே காட்டிய மூன்று படிகளே.

முதற்படி பாதுகாப்பு. கொடுமை தொடரும் வீட்டில் எந்த மருத்துவமும் பலிக்காது. விலகல் அங்கே குழந்தையின் கவசம். போர் நடக்கையில் கவசத்தைக் கழற்றச் சொல்வது அறிவீனம். பாதுகாப்பு உறுதியானபின், அச்சம் எழும்போது இந்த நேரத்துக்கும் இந்த இடத்துக்கும் திரும்பிவரக் குழந்தை கற்கிறது. தரையில் பாதத்தை ஊன்றுதல், கையில் ஒரு பொருளைப் பற்றுதல், அறையிலுள்ளவற்றைப் பெயர் சொல்லுதல் ஆகிய எளிய வழிகளே.

இரண்டாம் படி நினைவை எதிர்கொள்ளல். இங்கே ஓவியமும் விளையாட்டும் மொழியாகின்றன. குழந்தை தாங்கும் அளவுக்கு மட்டுமே, அதன் வேகத்தில் மட்டுமே இது நடைபெறும். உள்ளே ஒலிக்கும் குரலை மருத்துவர் விரட்டமாட்டார். புதுப் பெயரிட்டு வளர்க்கவும் மாட்டார். கோபக்காரக் குரலும் ஒருநாள் இப்பிள்ளையைக் காக்க எழுந்ததே என்று நன்றி கூறி, எல்லாம் ஒரே பிள்ளையின் கூறுகள், எல்லாச் செயலுக்கும் பொறுப்பு ஒன்றே என்று உணர்த்துவார். மூன்றாம் படி இணைப்பு: பள்ளி, நட்பு, விளையாட்டு என்னும் இயல்பு வாழ்வுக்குத் திரும்புதல். விலகலை மட்டும் குணமாக்கும் மாத்திரை ஏதும் இல்லை. உறக்கமின்மைக்கும் சோர்வுக்கும் மருந்து துணைசெய்யும். பெற்றோர் அல்லது அவர்தம் இடத்தில் நிற்போர் ஒவ்வொரு படியிலும் உடனிருப்பது இன்றியமையாதது. குழந்தையின் உள்ளம் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், வளர்ந்தோரைவிட அவர்கள் விரைவில் தேறுவதாக மருத்துவர் கூறுகின்றனர். காலந்தாழ்த்தாமல் கண்டறிவதன் பயன் இதுவே.

நம் வாசலில்

வாசகர்களே, நம் மக்கள் இத்தகைய பிள்ளையை முதலில் மருத்துவரிடம் கொண்டுசெல்வதில்லை. நம் ஆலயங்களுக்கும் திருத்தலங்களுக்குமே கொண்டுவருகின்றனர். எனவே திருச்சபையின் ஒழுங்கை நாம் அறிந்திருக்க வேண்டும். 1614இன் உரோமைச் சடங்குநூலே, ஒருவர் பேய் பிடித்தவர் என எளிதில் நம்பலாகாது, நோயினின்று அதனை வேறுபடுத்தி அறிய வேண்டும் என்று குருவை எச்சரித்தது. திருச்சபைச் சட்டம் 1172இன்படி ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதியின்றி எவரும் பேயோட்டும் சடங்கு நிகழ்த்தலாகாது. பிள்ளைக்காகச் செபிப்போம், தலைமேல் கைவைத்து ஆசி அளிப்போம். அதட்டி, அடித்து, சங்கிலியிட்டு ஓட்ட முற்படுவது மட்டும் வேண்டாம். அடிபட்டு விலகிய உள்ளம் இன்னோர் அடியால் மேலும் ஆழத்துக்கே போகும்.

கொடுமை இழைத்தவர்களுள் திருச்சபையின் பணியாளரும் இருந்தனர் என்பதை மறைத்துவிட்டு இக்கட்டுரையை நான் முடிக்கக் கூடாது. உலகின் பல நாடுகளில் அது மெய்ப்பிக்கப்பட்டது. முறையீட்டைக் கேட்டும் மூடிவைத்தவர் செய்தது, ஃபெரென்சியின் அவையோர் செய்ததைவிடக் கொடியது. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட மடல், அருள்பணியாளரும் துறவியரும் இத்தகைய குற்றத்தை அறிந்தால் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிப்பதைக் கடமையாக்கியது. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தைமீது நிகழ்ந்த பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவிப்பதை எல்லாருக்கும் கடமையாக்கியுள்ளது. ஆபத்திலுள்ள குழந்தைக்காக 1098 என்னும் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.

ஆசிரியரும் மறைக்கல்வி கற்பிப்போரும் மருத்துவராக வேண்டியதில்லை. திடீரென மாறும் பிள்ளையைத் தண்டிக்குமுன் ஒரு நொடி நிற்க வேண்டும். தனியே அழைத்து, உயரம் குறைய அமர்ந்து, மெல்லக் கேட்க வேண்டும். விடையை நாமே சொல்லாமல், அது சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். சொன்னதை நம்பி, தக்கவரிடம் கொண்டுசேர்க்க வேண்டும். சொல்லாவிட்டாலும், அடுத்த ஞாயிறும் நாம் இங்கேயே இருப்போம் என்பதை அதற்குத் தெரியச்செய்ய வேண்டும்.

அந்தச் சிறுமிக்கு இப்போது முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கும். எங்கிருக்கிறாள் என்று அறியேன். நற்செய்தியின் அந்தப் பகுதி திருப்பலியில் வாசிக்கப்படும்போதெல்லாம் அவள் முழந்தாளில் நின்ற இடம் என் கண்முன் வரும். கூட்டத்தையும் வாதத்தையும் சற்று நிறுத்திவைத்து, எவ்வளவு காலமாக என்று ஆண்டவர் கேட்டார். கேட்டபின், கீழே கிடந்த சிறுவனின் கையைப் பிடித்துத் தூக்கினார். அவனும் எழுந்து நின்றான் என்று மாற்கு எழுதுகிறார். அவ்விரண்டையும் அதே வரிசையில் செய்யக் கற்றுக்கொள்ள எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயிற்று.